துகள்களால் உடைப்பது: டெம், பெரிடைனமிக்ஸ், எஸ்பிஹெச், எம்பிஎம் – உங்கள் வேலைக்கு எது?

முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "கான்கிரீட் உடைவதை சிமுலேட் செய்ய வேண்டும். மெஷ் வேண்டாம், துகள் முறைக்குப் போ என்கிறார் கைடு. துகள் முறையிலேயே நான்கைந்து இருக்கிறதே, எதை எடுப்பது?" கான்கிரீட்டுக்குப் பதில் கிரானைட், கண்ணாடி, செராமிக் என்று பொருள் மாறும், கேள்வி மாறாது. கடைசியில் பெரும்பாலும் முந்தைய சீனியர் எந்த சாஃப்ட்வேரை விட்டுப்போனாரோ அதுவே விடையாகிவிடுகிறது. அது அப்படியொன்றும் மோசமான காரணமில்லை. ஆனால் டெம் (டிஸ்கிரீட் எலிமென்ட் மெத்தட்), பெரிடைனமிக்ஸ், எஸ்பிஹெச் (ஸ்மூத்ட் பார்ட்டிகிள் ஹைட்ரோடைனமிக்ஸ்), எம்பிஎம் (மெட்டீரியல் பாயின்ட் மெத்தட்) ஆகிய நான்கு முறைகளும் உடைவதை நான்கு விதமாகப் பார்க்கின்றன. அந்த வேறுபாடு தெரியாமல் இறங்கினால், இரண்டாம் ஆண்டில் "துகள் அளவை மாற்றினால் விடையும் மாறுகிறதே, ஏன்?" என்ற கேள்வியில் வந்து நிற்பீர்கள்.

## முதலில்: துகள் தேவைதானா?

வழக்கமான திண்மப் பொருள் இயக்கவியல், இடப்பெயர்ச்சியின் வகைக்கெழுவை நம்பி நிற்கிறது. விரிசலின் இரு கரைகளும் பிரியும் இடத்தில் அந்த வகைக்கெழுவே கிடையாது. பொருளை மெஷ் எனும் சிறு எலிமென்ட்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட்காரர்கள் இதற்குச் சும்மா இருக்கவில்லை. எலிமென்ட்டுகளுக்கு நடுவே ஒட்டும் விசை வைக்கும் கோஹெசிவ் முறை, விரிசலை எலிமென்ட்டுக்கு ஊடாகவே போகவிடும், 1999இல் வந்த எக்ஸ்ஃபெம், விரிசலை மங்கலான பட்டையாகக் காட்டும் ஃபேஸ் ஃபீல்டு என்று வரிசையாகத் தீர்வுகள் உண்டு.

ஒரே ஒரு விரிசல், அது போகும் பாதை ஏறத்தாழத் தெரியும், சுமையும் மெதுவாக ஏறுகிறது என்றால் துகள் முறைக்குப் போவது வீண் வேலை. மூன்று புள்ளி வளைவுச் சோதனையில் வைத்த கான்கிரீட் பீம் இதற்கு நல்ல உதாரணம். எக்ஸ்ஃபெம் அதைச் சீக்கிரம் முடித்துத் தரும். விரிசல்கள் பலவாகக் கிளைத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, துண்டுகள் பிரிந்து, பிரிந்த துண்டுகள் மறுபடி மோதும் நிலை வரும்போதுதான் துகள்களுக்கு வேலை.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து கேள்விகள் போதும். அதிலும் முதல் இரண்டே பெரும்பாலும் முடிவைச் சொல்லிவிடும்.

உடைந்த பிறகு என்ன நடக்கிறது? விரிசல் எங்கே போகிறது என்பதோடு உங்கள் கதை முடிகிறதா? அல்லது துண்டுகள் உரசி, நொறுங்கி, குவியலாகி, ஓடுகின்றனவா?

ஒளிந்திருக்கும் நீளம் எதை மாற்றுகிறது? இதுதான் கட்டுரையின் மையம். இழுவலிமையின் அலகு பாஸ்கல்; முறிவு ஆற்றலின் (விரிசல் பரப்பை உருவாக்க ஆகும் ஆற்றல்) அலகு சதுர மீட்டருக்கு ஜூல். யங் குணகத்தை (பொருளின் விறைப்பு) முறிவு ஆற்றலால் பெருக்கி, இழுவலிமையின் வர்க்கத்தால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். சாதாரணக் கான்கிரீட்டுக்கு 30 கிகாபாஸ்கல், 100 ஜூல், 3 மெகாபாஸ்கல் என்று வைத்தால் அது ஏறத்தாழ 33 செ.மீ. அதாவது பொருளுக்கே சொந்தமாக ஒரு நீளம் இருக்கிறது. துகள் முறை ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இன்னொரு நீளத்தைக் கொண்டுவருகிறது: துகளின் விட்டம், அண்டை எல்லை, கட்டத்தின் அகலம், இப்படி. வலிமை, ஆற்றல் இரண்டில் ஒன்றை நீங்கள் கொடுத்தால் மற்றதை அந்த நீளம் உங்களைக் கேட்காமலே தீர்மானித்துவிடும். எந்த முறையில் எதை நீங்கள் கொடுக்கிறீர்கள், எது தானாக வந்து விழுகிறது என்பதுதான் உண்மையான வித்தியாசம்.

கையில் என்ன சோதனைத் தரவு இருக்கிறது? ஒற்றை அச்சு அமுக்கச் சோதனை மட்டுமா, பிரேசிலியன் சோதனையும் (வட்டை அமுக்கி இழுவலிமையை அளப்பது) உண்டா, முறிவு ஆற்றல் அளந்திருக்கிறீர்களா?

நிகழ்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது? மைக்ரோ வினாடிகளா, நிமிடங்களா?

கணினி, சாஃப்ட்வேர், கேட்டால் சொல்ல ஆள். சீனியர் விட்டுப்போன கோடுக்கு (நிரலுக்கு) மதிப்பு இந்த இடத்தில்தான்.

## பிணைத்த துகள்: டெம்

1979இல் கண்டாலும் ஸ்ட்ராக்கும் மணல் போன்ற தளர்ந்த துகள்களுக்காக எழுதிய முறை இது. ஒவ்வொரு துகளும் தனி உடல். தொட்டால் விசை, விட்டால் இல்லை. துகள்களுக்கு நடுவே சிமென்ட் பூசியது போல ஒரு பிணைப்பை வைத்து, அதற்கு ஒரு வலிமையும் கொடுத்துவிட்டால் பாறை தயார். பொட்டியான்டியும் கண்டாலும் 2004இல் வெளியிட்ட பிணைத்த துகள் மாதிரி இந்த வழிக்கு அடித்தளம். அவர்கள் எடுத்துக்கொண்ட பாறை, கனடாவின் மனிடோபாவில் நிலத்தடி ஆய்வகம் தோண்டப்பட்ட லாக் டு போனே கிரானைட்.

இதன் பெரிய பலம், உடைந்த பிறகு நடப்பதற்குத் தனியாக எதுவும் எழுத வேண்டாம் என்பது. பிணைப்பு போனாலும் துகள் அங்கேயே இருக்கிறது. பக்கத்துத் துகளோடு உரசும், உருளும், அடைத்துக்கொள்ளும். அமுக்கத்தில் பாறை பக்கவாட்டில் வீங்குவது, சரிவான தளத்தில் வழுக்குவது எல்லாம் தானாக வரும். சுரங்கச் சுவர் உரிவது, ஜா கிரஷரில் கல் நொறுங்குவது, ரயில் பாதையின் ஜல்லி தேய்வது போன்றவற்றுக்கு இதைவிட இயல்பான முறை இல்லை என்றே சொல்வேன்.

சரி, விலை என்ன? முதலாவது கேலிப்ரேஷன். நீங்கள் கொடுப்பது பிணைப்பின் விறைப்பு, பிணைப்பின் வலிமை, உராய்வு போன்ற நுண் எண்கள். சோதனைச்சாலை தருவது யங் குணகம், பாய்சான் விகிதம், அமுக்கவலிமை. இரண்டுக்கும் நடுவே நேரடிச் சூத்திரம் கிடையாது. மெய்நிகர் மாதிரிகளைத் திரும்பத் திரும்ப நசுக்கித்தான் பொருத்த வேண்டும். துகள் அளவுப் பரவலை மாற்றினால் இந்த வேலை மறுபடி முதலிலிருந்து. திட்டத்தின் காலத்தில் கணிசமான பங்கை இதற்கே ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது, பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். லாக் டு போனே கிரானைட்டின் அமுக்கவலிமை ஏறத்தாழ 200 மெகாபாஸ்கல், இழுவலிமை 9.3. விகிதம் இருபதுக்கு மேல். உருண்டைத் துகள்களை மட்டும் பிணைத்த எளிய மாதிரியில் அமுக்கவலிமையைச் சரியாகப் பொருத்தினால் இழுவலிமை உண்மையைவிடப் பல மடங்கு கூடுதலாக வரும். உருண்டைகள் ஒன்றுக்குள் ஒன்று போதிய அளவு பூட்டிக்கொள்வதில்லை என்பதே காரணம். ஃபிளாட் ஜாயின்ட் மாதிரி, துகள்களைக் கொத்தாகச் சேர்ப்பது, பக்கத்தில் தொடாத துகளோடும் பிணைப்பு வைப்பது என்று இதற்கு மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் ஒவ்வொரு மருந்தும் பொருத்த வேண்டிய புது எண்ணொன்றைக் கூடவே கொண்டுவருகிறது. உங்கள் பிரச்சினையில் இழுப்பும் அமுக்கமும் இரண்டுமே முக்கியம் என்றால், எளிய பிணைப்பைப் பக்கத்திலேயே சேர்க்க வேண்டாம்.

அப்புறம் அந்த ஒளிந்திருக்கும் நீளம். டெம்மில் வலிமையை நீங்கள் கொடுக்கிறீர்கள். முறிவுக்கு எதிரான தாங்குதிறன் தானாக வருகிறது, அதுவும் துகள் அளவின் வர்க்கமூலத்தோடு ஏறுகிறது. பிணைப்பின் வலிமையை மாற்றாமல் துகளை இரு மடங்காக்கினால் தாங்குதிறன் 1.4 மடங்காகும். ஆகவே இங்கே துகள் அளவு கணக்கு வசதிக்கான எண் அல்ல, பொருளின் ஒரு பண்பு. "துகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் விடை ஒரு இடத்தில் நிலைக்கும்" என்ற ஃபைனைட் எலிமென்ட் பழக்கத்தோடு வருபவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்.

சாஃப்ட்வேர்: இட்டாஸ்காவின் பிஎஃப்சி காசு கொடுத்து வாங்க வேண்டியது, பாறைப் பொறியியலில் பழகிப்போன பெயர். இலவசமாக வேண்டுமென்றால் யேட் இருக்கிறது. பைத்தானில் இயக்கலாம், பாறைக்கான பிணைப்பு மாதிரியும் உள்ளேயே உண்டு.

## பெரிடைனமிக்ஸ்

அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் சில்லிங் 2000இல் முன்வைத்தது. வகைக்கெழுதானே தகராறு, அதையே எடுத்துவிட்டால் என்ன என்பதுதான் யோசனை. ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் எல்லாப் புள்ளிகளோடும் பிணைப்பு வைத்திருக்கும். அந்தத் தூரத்துக்கு ஹொரைஸன் என்று பெயர். விசைகளைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு பிணைப்பு அளவுக்கு மீறி நீண்டால் அறுந்துவிடும், திரும்ப ஒட்டாது. விரிசல் எப்போது தொடங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே கிளைக்க வேண்டும் என்று தனி விதி எதுவும் எழுத வேண்டியதில்லை.

பார்ப்பதற்கு டெம் மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே வேறு ஆள். பெரிடைனமிக்ஸ் ஒரு தொடர் ஊடகக் கோட்பாடு. அதன் புள்ளிகள் கல்மணிகள் அல்ல, தொகையிடுவதற்கான இடங்கள். இதனால் கேலிப்ரேஷன் ஏறத்தாழ இல்லை. யங் குணகத்தையும் முறிவு ஆற்றலையும் கொடுத்தால் பிணைப்பின் விறைப்பும், அது அறுந்துபோகும் நீட்சியும் சூத்திரத்திலிருந்தே கிடைக்கும். டெம்மில் கேலிப்ரேஷனுக்கே பல வாரம் செலவிட்டவருக்கு இது பெரிய ஆறுதல்.

இந்த முறையின் ஒளிந்திருக்கும் நீளம் எதிர்த் திசையில் வேலை செய்கிறது. ஆற்றலை நீங்கள் கொடுக்கிறீர்கள். வலிமையை ஹொரைஸன் தீர்மானிக்கிறது. சோடா சுண்ணாம்புக் கண்ணாடியைப் பாருங்கள். யங் குணகம் 72 கிகாபாஸ்கல், முறிவு ஆற்றல் சதுர மீட்டருக்கு 8 ஜூல் என்று வைப்போம். ஹொரைஸன் 3 மி.மீ. என்றால் பிணைப்பு அறும் நீட்சி ஏறத்தாழ 0.018 சதவீதம், அதை யங் குணகத்தால் பெருக்கினால் 13 மெகாபாஸ்கல் அளவு. ஹொரைஸனை 0.3 மி.மீ. ஆக்கினால் அதே கணக்கு 40 மெகாபாஸ்கலுக்குப் போய்விடும். ஏற்கெனவே வெட்டி வைத்த விரிசல் வளர்வதைப் பார்க்கிறீர்கள் என்றால் இது பெரிய தொல்லை இல்லை, ஆற்றல்தான் அங்கே ஆட்சி செய்யும். வெறும் மேற்பரப்பில் விரிசல் எப்போது தொடங்கும் என்பது கேள்வியானால், ஹொரைஸனை நினைத்தபடி வைத்துக்கொள்ள முடியாது.

மற்ற மறைவிலைகளும் உண்டு. எளிய, பிணைப்பு மட்டுமே கொண்ட வடிவத்தில் முப்பரிமாணத்தில் பாய்சான் விகிதம் 0.25 என்று பூட்டப்பட்டுவிடும். கண்ணாடி, கான்கிரீட் பரவாயில்லை, பக்கத்தில்தான் இருக்கின்றன. ரப்பருக்கும் நெகிழும் உலோகத்துக்கும் ஆகாது. 2007இல் வந்த நிலை அடிப்படை வடிவம் இந்தப் பூட்டைத் திறந்தது. ஆனால் அதன் ஒரு கிளையான கரெஸ்பாண்டன்ஸ் மாதிரியில், ஆற்றல் செலவே இல்லாமல் புள்ளிகள் முன்னும் பின்னும் நடுங்கும் நோய் இருக்கிறது. அதற்கு நிலைப்படுத்தும் விசை தனியாகச் சேர்க்க வேண்டும். அடுத்து, பொருளின் ஓரத்தில் இருக்கும் புள்ளிக்குப் பாதி அண்டைகள்தான் இருக்கும். திருத்தாவிட்டால் உங்கள் தகட்டின் ஓரம் உள்ளே இருப்பதைவிட மென்மையாகிவிடும்.

மெமரியும் கேட்கும். ஹொரைஸன் புள்ளி இடைவெளியைப் போல மூன்று மடங்கு என்பது வழக்கமான தேர்வு. அப்படியானால் முப்பரிமாணத்தில் ஒரு புள்ளிக்கு 122 அண்டைகள். பத்து லட்சம் புள்ளி என்றால் பன்னிரண்டு கோடி பிணைப்புப் பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் 16 பைட் வைத்தாலே 2 ஜிபி. டெம்மில் அதே எண்ணிக்கைத் துகளுக்குச் சில மில்லியன் தொடுகைகள்தான். ஹொரைஸனை அப்படியே வைத்துக்கொண்டு இடைவெளியை மட்டும் பாதியாக்கினால் புள்ளிகள் 8 மடங்கு, அண்டைகள் 8 மடங்கு. மொத்தம் 64 மடங்கு வேலை.

இன்னொன்று, பாறைக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எளிய விதி நீட்சியில் மட்டுமே பிணைப்பை அறுக்கும். அமுக்கத்தில் நசுங்குவதும் வழுக்குவதும் வேண்டுமானால் விதியை நீங்கள்தான் எழுத வேண்டும். துண்டுகள் ஒன்றையொன்று தொடுவதற்கும் குறுந்தூர விலக்கு விசையைத் தனியாக வைக்க வேண்டும். உராய்வு இன்னும் தனி. டெம்முக்குப் பிறவியிலேயே இருப்பது இதற்கு ஒட்டுப்போட்டது.

இதன் வெற்றிக்குச் சாட்சியாகப் பலரும் காட்டுவது கால்தாஃப்–விங்க்லர் சோதனை. இரண்டு பிளவு வெட்டிய எஃகுத் தகட்டில் எறிபொருளை மோதவிட்டால், விரிசல் பிளவின் நுனியிலிருந்து ஏறத்தாழ 70 டிகிரி திரும்பிப் போகும். பெரிடைனமிக்ஸ் இந்தக் கோணத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கொண்டுவந்தது. நீங்கள் எந்த முறையை எடுத்தாலும் இந்தச் சோதனையை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

சாண்டியாவின் பெரிடிஜிம் இலவசம், ஆனால் அதற்கு முன் ட்ரிலினோஸ் நூலகத்தைக் கம்பைல் செய்து வெளியே வர வேண்டும். லாம்ப்ஸ் நிரலின் பெரி தொகுப்பு அதைவிட எளிதான நுழைவாயில்.

## எஸ்பிஹெச்

1977இல் நட்சத்திரங்களைக் கணக்கிடப் பிறந்த முறை. லூசி ஒரு பக்கம், கிங்கோல்டும் மோனகனும் இன்னொரு பக்கம். 1991இல் லிபெர்ஸ்கியும் பெட்செக்கும் இதைத் திண்மத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு துகளும் தன் அடர்த்தியையும் தகைவையும் சுற்றியுள்ள அண்டைகளின் எடையிட்ட சராசரியிலிருந்து பெறும். முப்பரிமாணத்தில் ஏறத்தாழ 60 அண்டைகள்.

அதிவேக மோதலில் இதற்கு ஈடு கிடையாது. வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது பாறை உடைவது மட்டுமல்ல, உருகும், ஆவியாகும். அழுத்தம்–அடர்த்தி–வெப்பத் தொடர்பை நேரடியாகப் பயன்படுத்த எஸ்பிஹெச் இடம் தருகிறது; டெம்மிலும் எளிய பெரிடைனமிக்ஸிலும் அது இயல்பாக வராது. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் கலம் வினாடிக்கு 6 கி.மீ.க்குச் சற்று மேலான வேகத்தில் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் மோதி, அதன் சுற்றுக் காலத்தை அரை மணி நேரத்துக்கு மேல் குறைத்தது. அந்த மோதலைப் புரிந்துகொள்ள ஓட்டிய முக்கியமான கணக்குகள் சில எஸ்பிஹெச்சில் செய்யப்பட்டவை.

உடைவதற்கான விதி இதில் பெரும்பாலும் பென்ஸ், அஸ்ஃபாக் ஆகியோரின் 1994 வழியில் போகிறது. துகள்களுக்கு, வலிமையின் சிதறலைச் சொல்லும் வைபுல் பரவல்படி நுண்குறைகளைப் பங்கிட்டு, திரிபு ஒரு எல்லையைத் தாண்டியதும் சேதம் 0இலிருந்து 1 வரை வளரவிடுவார்கள். உங்கள் பொருளுக்கு அந்த வைபுல் எண்களை யாராவது அளந்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பல சமயம் இருக்காது. யாரோ பசால்ட்டுக்குப் போட்ட எண்களை உங்கள் கிரானைட்டுக்குப் போடுவதில் போய் முடியும்.

இன்னொரு பழைய நோய் இழுவை நிலையின்மை. ஸ்வீகலும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் காட்டியது இது: இழுக்கும்போது துகள்கள் தாமாகவே கொத்துக்கொத்தாகச் சேர்ந்து நடுவில் இடைவெளி விடும். உடைவதைத் தேடுபவருக்கு இதைவிடக் குழப்பமானது வேண்டுமா? பொருள் உடைந்ததா, முறை உடைந்ததா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொடக்க நிலையையே ஆதாரமாகக் கொள்ளும் டோட்டல் லக்ராஞ்சியன் வடிவம் இந்த நோயைத் தீர்க்கிறது. ஆனால் பொருள் ஓடிக் கலைந்துபோனால் அந்த வடிவம் தடுமாறும். சுருக்கமாக, மெதுவான சோதனைக்கு, நுணுக்கமான விரிசல் பாதைக்கு எஸ்பிஹெச் என் முதல் தேர்வாக இருக்காது.

தகைவு–திரிபு வளைவை நீங்கள் கொடுக்கிறீர்கள் என்பதால் இங்கே நீளம் கை வைப்பது ஆற்றலின் மீது. சேதம் ஒரு வரிசைத் துகள்களுக்குள் ஒடுங்கிவிடும். இடைவெளியைக் குறைக்கக் குறைக்க உடைக்கும் செலவும் குறையும். வளைவின் இறங்கும் பகுதியை இடைவெளிக்கு ஏற்றபடி நீட்டிச் சரிசெய்வது பழைய வழக்கம். அதைச் செய்யாத முடிவை நம்ப வேண்டாம்.

கற்றுக்கொள்ள நல்ல இடம் மும்பை ஐஐடியில் உருவான பைஎஸ்பிஹெச். பைத்தானில் எழுதலாம், திண்மத்துக்கான உதாரணங்களும் இருக்கின்றன.

## எம்பிஎம்

1994இல் டெபரா சுல்ஸ்கி, சென், ஷ்ரேயர் எழுதியது. துகள்கள் பொருளின் நிறை, தகைவு, வரலாறு எல்லாவற்றையும் சுமக்கும். இயக்கச் சமன்பாடு மட்டும் பின்னால் இருக்கும் ஒரு கட்டத்தில் தீர்க்கப்படும். ஒவ்வொரு படியும் முடிந்ததும் கட்டத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். அண்டைத் தேடல் இல்லை, பெரிய பிணைப்புப் பட்டியல் இல்லை, ஜிபியுவில் பறக்கும். டைச்சி மொழியில் 88 வரிக்குள் ஓடும் எம்பிஎம் உதாரணம் பிரபலம்.

உடைந்து பிறகு ஓடும் பொருளுக்கு இது அழகாகப் பொருந்துகிறது: நிலச்சரிவு, ஈரக் களிமண், பனி. பனிப்பாளத்துக்கு அடியில் பலவீனமான அடுக்கு நொறுங்கி, விரிசல் சரிவு நெடுக ஓடி, பாளம் பிரிந்து சரிவதை யோஹன் கோம் குழுவினர் 2018இல் எம்பிஎம் கொண்டே காட்டினார்கள். உடைவது, ஓடுவது இரண்டும் ஒரே கணக்கில்.

பலரும் எம்பிஎம்மைப் பற்றிச் சொல்லும் குறை, துகள்கள் ஒரு கட்டத்தின் அகலத்துக்கு மேல் விலகினால் பொய்யாக உடைந்துவிடும் என்பது. உண்மைதான், ஆனால் அது ரப்பர் மாதிரி மிகவும் நீளும் பொருளுக்கான கவலை. கண்ணாடியும் கிரானைட்டும் அந்த நீட்சிக்கு வெகு முன்பே உடைந்துவிடும். திண்ம முறிவில் எனக்குப் பெரிதாகப் படுவது இதற்கு நேர்மாறான குறை: பிரிந்த இரண்டு கரைகளும் ஒரே கட்டப் புள்ளியைப் பகிரும் வரை அவற்றின் வேகங்கள் கலந்துவிடும். ஒரு கட்டத்தைவிட மெல்லிய விரிசலைக் கட்டத்தால் பார்க்கவே முடியாது. துண்டுகள் பிரிந்த பிறகும் பசை போட்டது போல இழுக்கும், வழுக்க வேண்டிய இடத்தில் வழுக்காது. நெயர்ன் 2003இல் வழிகாட்டியபடி ஒரு புள்ளிக்கு இரண்டு வேகங்கள் வைத்தால் தீரும். உங்கள் கோடில் அந்த வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துகள் கட்ட எல்லையைத் தாண்டும்போது தகைவு குதிப்பதற்கு ஜிம்ப் போன்ற திருத்த வடிவங்கள் உண்டு. மூல வடிவத்தை மட்டும் வைத்துத் தகைவுப் படம் போடாதீர்கள். ஒளிந்திருக்கும் நீளத்தின் கதை எஸ்பிஹெச் போலவேதான், துகள் இடைவெளிக்குப் பதில் கட்டத்தின் அகலம்.

மாலிக்யூலர் டைனமிக்ஸ் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். நூறு கோடி செம்பு அணுக்களைச் சேர்த்தாலும் கனசதுரத்தின் பக்கம் 0.23 மைக்ரோமீட்டர்தான். விரிசல் நுனியில் அணுப்பிணைப்பு எப்படி அறுகிறது என்பது கேள்வியானால் அது. பீமுக்கும் பாறைக்கும் அல்ல.

## பக்கத்தில் பக்கத்தில்

| | டெம் | பெரிடைனமிக்ஸ் | எஸ்பிஹெச் | எம்பிஎம் |
|---|---|---|---|---|
| நீங்கள் கொடுப்பது | பிணைப்பின் விறைப்பு, வலிமை | யங் குணகம், முறிவு ஆற்றல் | தகைவு–திரிபு, சேத விதி | தகைவு–திரிபு, சேத விதி |
| நீளம் தீர்மானிப்பது | தாங்குதிறன் | வலிமை | செலவாகும் ஆற்றல் | செலவாகும் ஆற்றல் |
| கேலிப்ரேஷன் | நீண்ட வேலை | மிகக் குறைவு | வைபுல் எண்களைப் பொறுத்தது | நடுத்தரம் |
| உடைந்த பின் தொடுகை, உராய்வு | பிறவியிலேயே உண்டு | தனியாகச் சேர்க்க வேண்டும் | தோராயமாக | தானாக வரும், ஆனால் ஒட்டும் |
| விரிசல் கிளைத்தல் | துகள் அடுக்கைப் பொறுத்தது | சிறப்பு | சுமார் | சுமார் |
| மெமரி | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| பொருந்தும் வேகம் | மெதுவிலிருந்து நடுத்தரம் | நடுத்தரம், வேகம் | அதிவேகம் | மெதுவல்லாத ஓட்டம் |

## எல்லாவற்றுக்கும் பொதுவான மறைவிலை

முதலில் நேரம். நான்குமே பெரும்பாலும் வெளிப்படைக் காலப்படியில்தான் (முந்தைய படியின் விடையிலிருந்தே அடுத்ததை நேரடியாகக் கணக்கிடும் வழி) ஓடுகின்றன. ஒரு படி என்பது ஒலி ஒரு துகளைக் கடக்கும் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கிரானைட்டில் ஒலி வினாடிக்கு 5,000 மீட்டர், துகள் 1 மி.மீ. என்றால் படி 0.2 மைக்ரோ வினாடி. ஒரு வினாடி நிகழ்வுக்கு ஐம்பது லட்சம் படிகள். ஆய்வகத்தில் அமுக்கச் சோதனை சில நிமிடங்கள் நீடிக்கும். அதனால் எல்லோரும் சுமையை உண்மையைவிடப் பல மடங்கு வேகமாக ஏற்றுகிறார்கள், அலைகளை டேம்பிங் போட்டு அடக்குகிறார்கள். இது தவறில்லை; வேகத்தைப் பாதியாக்கினாலும் வலிமை மாறவில்லை என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மெதுவான சோதனைக்கு வைத்த டேம்பிங்கை மறந்துபோய் மோதல் கணக்கிலும் விட்டுவைத்தால் விரிசலைத் தள்ளும் அலையே செத்துவிடும். பிஎஃப்சியின் வழக்கமான 0.7 மதிப்பு மெதுவான சுமைக்கானது.

இடைவெளியைப் பாதியாக்கினால் முப்பரிமாணத்தில் குறைந்தது 16 மடங்கு வேலை என்பதை ஆரம்பத்திலேயே அட்டவணையில் போட்டுக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்கும் நிறையும்: பத்து லட்சம் துகள்களின் இடம், வேகம், சேதம் மட்டும் எழுதினாலே ஒரு ஃபிரேமுக்கு 56 எம்பி, 500 ஃபிரேமுக்கு 28 ஜிபி.

டெம்மிலும் வைபுல் குறைகளிலும் குலுக்கல் எண் உண்டு. ஒரே ஓட்டத்தின் விரிசல் பாதையை வைத்து முடிவு சொல்ல முடியாது. விதை எண்ணை மாற்றிப் பல தடவை ஓட்ட வேண்டும். ஒரு ஓட்டத்துக்கான செலவை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

## அப்படியானால் எது யாருக்கு

சுரங்கம், குவாரி, கிரஷர், ஜல்லி போன்றவை உங்கள் களம், துண்டுகளின் உராய்வுதான் கதையின் பாதி என்றால் டெம். அமுக்கம், இழுப்பு இரண்டு சோதனைகளும் கையில் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கண்ணாடித் தகடு, செராமிக், முன்பே வெட்டிய விரிசல், கிளைத்தல் என்றால் பெரிடைனமிக்ஸ். முறிவு ஆற்றல் அளந்து வைத்திருக்கிறீர்கள், ஆனால் கேலிப்ரேஷனுக்கு நேரம் இல்லை என்ற நிலையிலும் இதுதான். மெமரி போதாது என்றால் இருபரிமாணத்தில் தொடங்கலாம். அதில் அண்டைகள் 28தான், ஆனால் தளத்தகைவுக்குப் பாய்சான் விகிதம் 0.33 என்று மாறிவிடும்.

வேகம் கிலோமீட்டர் கணக்கில் போனால் எஸ்பிஹெச். வேறு யோசனை வேண்டாம்.

மண், பனி, சரிவு, உடைந்ததும் ஓடுவது என்றால் எம்பிஎம். ஜிபியு ஒன்று இருந்து, கோடை நீங்களே எழுதும் ஆசையும் இருந்தால் அதுவும் இந்தப் பக்கமே தள்ளும்.

இரண்டு முறை சம பலத்தில் நின்றால் ஆய்வகத்தில் ஏற்கெனவே ஓடும் கோடை எடுங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்க ஒருவர் இருப்பது, கட்டுரைகளில் படிக்கும் சிறு மேன்மைகளைவிடப் பெரிது. ஆனால் களமே பொருந்தாத இடத்தில் இந்தச் சலுகை செல்லாது: டெம் தெரிந்த சீனியர் இருக்கிறார் என்பதற்காகச் சிறுகோள் மோதலை அதில் செய்யப் போகாதீர்கள்.

## முடிவெடுத்த பின், முதல் மாதத்தில்

விரிசல் இல்லாத ஒரு கட்டையில் அலையை அனுப்பி, வேகம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். இங்கேயே பிசகினால் மற்றதெல்லாம் பேசிப் பயனில்லை. அடுத்து, ஒழுங்கான அடுக்கில் புள்ளிகளை வைத்திருந்தால் அந்த அடுக்கை 30 டிகிரி திருப்பி அதே கணக்கை ஓட்டுங்கள். விரிசலும் சேர்ந்து திரும்பினால் அது பொருளைக் கேட்கவில்லை, அடுக்கைக் கேட்கிறது. பிறகு இடைவெளியைப் பாதியாக்குங்கள். மேலே சொன்ன நீளம் உங்கள் முறையில் எதை மாற்றுமோ அதற்கான திருத்தத்தோடுதான் இதைச் செய்ய வேண்டும்.

கடைசியாக ஆற்றல் கணக்கு. அறுந்த பிணைப்புகளிலோ சேதத்திலோ போன ஆற்றலை எல்லாம் கூட்டி, உருவான விரிசலின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். கண்ணாடிக்கு 8 கொடுத்திருந்தால் அதன் பக்கத்தில் வர வேண்டும். 80 வந்தால், விரிசல் ஒரு கோடாக இல்லாமல் பட்டையாகப் பரந்து பல பிணைப்புகளை வீணாக அறுத்திருக்கும், அல்லது பரப்பை எண்ணும் நிரலில் பிழை இருக்கும். முதலில் பரப்பு நிரலைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், இடைவெளியைக் குறைத்துப் பட்டை ஒடுங்குகிறதா என்று பார்க்கலாம்.